கழுகுச் சின்னமும் குடிசார் ஊழியரும்

சீருடை பலரை ஒருதன்மையராகக் காட்டுவது; சின்னமோ அவ்வொருமையினுள்ளே ஒவ்வொருவர்க்கும் உரிய இடத்தைப் பிரித்துக் காட்டுவது. ஆதலின், பழைய சின்னமொன்றைக் கையிலெடுத்து ஆராய்பவன், அதனை அணிந்தவனுடைய பதவியையும் பணியையும் மட்டுமன்றி, அவனைப் பணிகொண்ட அரசு அவனை எவ்வாறு கருதிற்று என்பதனையும் உடன் ஆராய்பவனாகின்றான். 1935ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரை நிலவிய ஜேர்மன் விமானப்படையின் சின்னங்களுள், போர்வீரரல்லாத குடிசார் ஊழியர் அணிந்தவற்றைப் பிரித்தறிதல் இவ்வாராய்ச்சிக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். இவ்வூழியருட் பலர் வீரர் உடுத்த அதே நீலச்சாம்பல் நிறத்தையே உடுத்தனர். வீரர் பூண்ட அதே கழுகையே பூண்டனர். எனினும் சட்டத்தின் முன்னே அவர் வேறு, வீரர் வேறு.

இம்மயக்கம் எவ்வாறு தோன்றியது என்பதை அறிவதற்கு, அப்படை பிறந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். முதலாம் உலகப் போரின் முடிவில், 1919ஆம் ஆண்டு யூன் 28ஆந் திகதி கைச்சாத்திடப்பட்ட வெர்சேய் உடன்படிக்கையின் 198ஆம் உறுப்புரை, ஜேர்மனி படைசார்ந்த விமானங்களை வைத்திருத்தலாகாது எனத் தடுத்தது. தடையை மீற விரும்பியோர் மறைவிடந் தேடினர். 1925ஆம் ஆண்டு முதல் 1933 வரை இரசியாவிலுள்ள லிப்பெட்ஸ்க் என்னுமிடத்தில் ஜேர்மன் விமானிகள் இரகசியமாகப் பயின்றனர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டிலே, மார்ச்சு மாதத்தில், நாட்டிலிருந்த பறத்தற் கழகங்கள் யாவும் ஜேர்மன் வான்விளையாட்டுச் சங்கம் என்ற ஒரே அமைப்பினுள் அடக்கப்பட்டன. பெயரளவில் அது விளையாட்டுச் சங்கமே. ஆயினும், அதன் உறுப்பினர் நீலச்சாம்பற் சீருடையும் பதவிச் சின்னங்களும் அணிந்தனர். 1935ஆம் ஆண்டு மார்ச்சில் விமானப்படை உண்டென உலகறியக் கூறப்பட்டபொழுது, அச்சீருடையின் நிறமும் அமைப்புமே பெரும்பாலும் படையின் சீருடைக்கு அடிப்படையாயின. படைவீரர் உடையைக் குடிமக்கள் பின்னர் அணிந்தனர் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகின்றோம். இங்கு நிகழ்ந்தது அதன் மறுதலை. குடிமக்கள் கழகமொன்றின் உடையே படையுடையாயிற்று.

படையிற் பணிசெய்த குடிசார்ந்தோர் யாவர்? ஜேர்மன் அரசசேவையில் நெடுங்காலமாக மூன்று வகுப்பினர் இருந்தனர். நிரந்தர நியமனமும் சத்தியப்பிரமாணமும் உடைய உத்தியோகத்தர் ஒரு வகுப்பு. ஒப்பந்தத்தின்படி மாதச்சம்பளம் பெறும் இலிகிதர், தட்டெழுத்தாளர், தொழில்நுட்பர் முதலிய ஊழியர் மற்றொரு வகுப்பு. கூலிபெறும் தொழிலாளர் மூன்றாவது வகுப்பு. இவர்களுள் உத்தியோகத்தர் படையுறுப்பினராகவே மதிக்கப்பெற்று, தமக்கெனச் சீருடையும் பதவிப்படிகளும் உடையராயினர். ஏனைய இரு வகுப்பினரும் குடிசார்ந்தோர். 1934ஆம் ஆண்டு சனவரியில் இயற்றப்பட்ட தேசியத் தொழில் ஒழுங்குச் சட்டம் தொழில் நிலையமொன்றின் முதல்வனைத் 'தலைவன்' என்றும், அங்கு தொழில் புரிவோரைக் 'கெஃபோல்க்‌ஷாஃப்ட்' என்றும் பெயரிட்டழைத்தது. இரண்டு மாதங்களின் பின் அரச நிலையங்களுக்கும் அதையொத்த சட்டம் வந்தது. அச்சொல்லைச் சற்று நின்று நோக்குதல் தகும். பண்டைய ஜேர்மானியக் குடித்தலைவனுக்குச் செஞ்சோற்றுக்கடன் பூண்டு அவனைப் பின்தொடரும் வீரர் குழாத்தை வரலாற்றாசிரியர் குறித்த சொல் அது. விமானத்தளத்திற் கணக்கெழுதும் இலிகிதரும், களஞ்சியத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளியும் ஒரே சொல்லால் அடியார் கூட்டமாயினர். சேகரிப்போர் இன்று 'விமானப்படைக் கெஃபோல்க்‌ஷாஃப்ட் சின்னம்' என்று சீட்டெழுதும்போது இவர்களையே குறிக்கின்றனர்.

ஒருவர் வீரரா, குடிசார்ந்தவரா என்பது பெயர் வேறுபாடு மாத்திரமன்று. போர்க்காலத்தில் அது உயிரோடு தொடர்புடைய வினாவாகும். 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள், தன்னார்வப் படையினர் போராளிகளென மதிக்கப்பெறுதற்கு நான்கு நிபந்தனைகளை விதித்தன. அவற்றுள் ஒன்று, தூரத்திலிருந்து அறியக்கூடிய நிலையான அடையாளச் சின்னம் அணிந்திருத்தல். படையைச் சேராது அதனைப் பின்தொடர்வோர்க்கு வேறு விதி இருந்தது. செய்தியாளர், உணவு விற்போர், ஒப்பந்தக்காரர் போன்றோர் பகைவர் கையில் அகப்பட்டால், தாம் பின்தொடர்ந்த படையின் அதிகாரிகள் வழங்கிய அத்தாட்சிப் பத்திரம் அவர்கையில் இருப்பின், போர்க்கைதிகளுக்குரிய உரிமையைப் பெறுவர். 1929ஆம் ஆண்டின் ஜெனீவாச் சமவாயத்து 81ஆம் உறுப்புரையும் இதனையே கூறிற்று. ஆகவே போராளிக்குச் சின்னமும் பின்தொடர்வோனுக்குப் பத்திரமும் காப்பு என்பதே சட்டத்தின் கருத்து. படை விமானங்களிற் பறக்கும் குடிசார்ந்தோர் 1929ஆம் ஆண்டுச் சமவாயத்திற் பெயர்சுட்டிக் கூறப்படவில்லை. 1949ஆம் ஆண்டின் மூன்றாம் சமவாயமே அவர்களை வெளிப்படையாகச் சேர்த்தது.

இனிச் சின்னங்களை நோக்குவாம். முதலிற் காண வேண்டியது கழுகின் வடிவம். தரைப்படையின் கழுகு இரு சிறகுகளையும் நேரே விரித்து, இலைவளையத்தினுள் அமைந்த சுவத்திகத்தை இரு கால்களாலும் பற்றி நிற்பது. கடற்படையின் கழுகும் அவ்வடிவினதே, நிறம் பொன். விமானப்படையின் கழுகோ பறந்து செல்லும் தோற்றமுடையது. இலைவளையம் இல்லை, சுவத்திகத்தை ஒரு காலால் மட்டும் பற்றியிருக்கும். இவ்வொரு வேறுபாட்டை மனங்கொண்டவர், தேய்ந்த உலோகத்திலும் மங்கிய நூலிலுங்கூட அப்படையை அடையாளங் காண்பர். தொடக்கத்தில் வழங்கிய கழுகின் வால் கீழ்நோக்கித் தாழ்ந்திருந்தது. 1937ஆம் ஆண்டளவில் அது திருத்தப்பட்டு, உடலும் வாலும் மிடுக்குடைய புதுவடிவம் பெற்றன. எனவே வாலை நோக்கியே காலத்தைத் தோராயமாகக் கணிக்கலாம். முப்படையினரும் கழுகை வலமார்பில் அணிந்தனர். கட்சியின் காவற்படையாகிய எஸ்.எஸ். இடக்கையின் மேற்பகுதியில் அணிந்தது.

அக்கழுகு பற்றிய சுவத்திகம் நமக்கு அயலானதன்று. நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் மங்கலக் குறியாக வழங்குவது. 1920ஆம் ஆண்டில் ஹிட்லரின் கட்சி அதனைத் தன் கொடிக்கு எடுத்துக்கொண்டது. வலப்புறம் திரும்பியது நம்முடையது, இடப்புறம் திரும்பியது அவர்களுடையது என்றோ, அன்றி அதன் மறுதலையாகவோ சிலர் கூறுவது பொருந்தாது. பாரத நாட்டில் இருவகையும் உண்டு. ஜேர்மன் கொடியிலும் படைக்கழுகிலும் அது நாற்பத்தைந்து பாகை சரிந்து, முனையில் நிற்பதுபோற் காணப்படும். நம் கோலங்களிற் பெரும்பாலும் நேராக நிற்கும். இவ்வேறுபாடும் உதவிக்குரியதேயன்றித் தீர்ப்புக்குரியதன்று. குறி எங்கே, எதனோடு, எவர் கையில் இருக்கின்றது என்பதே பொருளைத் தருவது.

அடுத்து நோக்குதற்குரியது நிறம். விமானப்படையிற் கழுத்துப்பட்டித் துண்டுகளின் நிறம் பிரிவைக் காட்டிற்று. மஞ்சள் பறத்தற் பிரிவினர்க்கு; சிவப்பு விமான எதிர்ப்புப் பீரங்கியினர்க்கு; பொற்பழுப்பு செய்திப் பிரிவினர்க்கு; கருநீலம் வைத்தியப் பிரிவினர்க்கு; கரும்பச்சை உத்தியோகத்தர்க்கு; இளஞ்சிவப்புப் பொறியியலாளர்க்கு. வீரர் துண்டுகளிற் பறவைச் சிறகுகள் ஒன்று முதல் நான்கு வரை பதவிக்கேற்ப அமைந்திருக்கும். பொறியியலாளர் துண்டுகளில் அவற்றுக்குப் பதிலாக விமானச் சுழல்விசிறி இடம்பெறும். கரும்பச்சையைக் கண்டவுடன் 'குடிசார் ஊழியர்' எனச் சீட்டெழுதிவிடும் வழக்கம் சேகரிப்போரிடையே உண்டு, அது பிழை. அந்நிறம், மேலே கூறியவாறு, படையுறுப்பினராக மதிக்கப்பெற்ற உத்தியோகத்தர்க்குரியது. ஊழியரையும் தொழிலாளரையும் அறிவதற்கு, இருப்பதனை நோக்குவது போலவே இல்லாததனையும் நோக்க வேண்டும். சிறகு உண்டா, தோட்பட்டி தைத்த அடையாளம் உண்டா, மார்பிற் கழுகு இருந்து அகற்றப்பட்டதா, அன்றித் தொடக்கத்திலேயே இல்லையா என்று துணியின் தையற்றுளைகளைப் பார்த்தல் வேண்டும். ஊசித்துளை எளிதிற் பொய் சொல்லாது.

நிழற்படங்களைக் கொண்டு நிறத்தை ஊகிப்போர் மேலும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். அக்காலத்திற் பலர் வழங்கிய ஒருவகைப் படச்சுருள் செந்நிற ஒளியை உணராது; அதிற் சிவப்பு கறுப்பாகவும் மஞ்சள் உள்ளதினும் இருண்டும் விழும். பீரங்கிப்படையின் சிவப்பும் அமைச்சினர் தொடக்கத்தில் அணிந்த கறுப்பும் அத்தகைய படத்தில் ஒன்றேபோல் தோன்றும்.

வானோடு தொடர்புடைய வேறு அமைப்புகளின் சின்னங்கள் விமானப்படையினவாக மயங்கப்படுதலும் உண்டு. லுஃப்ட் ஹன்சா என்ற பயணிகள் விமானக் கம்பனியின் பறவை கழுகன்று, கொக்கு. 1918ஆம் ஆண்டில் ஓட்டோ ஃபிர்லே என்பவர் வேறொரு கம்பனிக்காக வரைந்த வடிவம் அது. சிறகு பூட்டிய மனிதவுருவம் காணப்படின், அது 1937இல் வான்விளையாட்டுச் சங்கத்தின் இடத்தில் அமைக்கப்பட்ட தேசிய சோசலிசப் பறப்போர் படையினது. கிரேக்கக் கதையில் மெழுகுச் சிறகோடு பறந்து வீழ்ந்த இக்காரசைச் சின்னமாகக் கொள்ளத் துணிந்தது வியப்பே. கதிர் விரியும் விண்மீன், 1933இல் தோன்றிய வான்காப்புச் சங்கத்துக்கு உரியது. தலைக்கவசத்தில் விரிந்த சிறகுகளும் 'லுஃப்ட்ஷூட்ஸ்' என்னும் எழுத்தும் இருப்பின், அது குண்டுவீச்சிலிருந்து நகரைக் காக்கும் பணியினர் அணிந்தது. இவர்களும் குடிசார்ந்தோரே, ஆயினும் விமானப்படையின் சம்பளப் பட்டியலில் இருந்த ஊழியராகக் கொள்ளப்படார்.

வடிவமும் நிறமும் கூறியதனைப் பொருள் உறுதிசெய்தல் வேண்டும். முப்பதுகளின் நடுவிற் செய்த உலோகச் சின்னங்கள் பல செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்த உலோகத்தால் ஆனவை. இதனை 'ஜேர்மன் வெள்ளி' என்பர். இதில் வெள்ளி அணுவளவும் இல்லை. பின்னர் அலுமினியம் பெருகிற்று. போர் நீளச் செம்பும் நிக்கலும் அரிதாயின. துத்தநாகம் அவற்றின் இடத்தைப் பற்றியது. நம் ஆய்வுகூடத்து மாணாக்கர் ஆக்கிமிடீசின் முறையால் நீரில் நிறுத்தே இவற்றை வேறுபடுத்தலாம். ஒரு கனசதமமீற்றர் அலுமினியம் 2.7 கிராம் நிறை, துத்தநாகம் 7.1 கிராம், ஜேர்மன் வெள்ளி அதனினும் மிகுதி. ஆனால் இன்றைய போலிகளிற் பலவும் துத்தநாகக் கலவையால் ஆனவை. எனவே நிறை ஒன்றே போதாது. பழைய பட்டறைகள் உருக்கு அச்சினால் அழுத்தி அடித்தன. விளிம்பு கூர்மையாயிருக்கும், இறகின் கோடுகள் தெளிவாயிருக்கும். உருக்கி வார்த்த போலியிற் சிறு குமிழ்த்துளைகளும் மழுங்கிய கோடுகளும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ்ப் புலப்படும்.

துணிச்சின்னம் மூவகையது. அதிகாரிகளுக்கு அலுமினியக் கம்பியாற் கையிழைத்த பூவேலை. ஏனையோர்க்கு நீலச்சாம்பற் கம்பளியில் இயந்திரப் பூவேலை. சில உடைகளுக்குத் தட்டையான நெசவு. நெசவுச் சின்னம் எதனையும் 'பெவோ' என்பது சேகரிப்போர் வழக்கு. அது வூப்பர்ட்டால் நகரத்து எவால்ட் ஃபோர்ஷ்டேயர் நாடாத் தொழிற்சாலையின் பெயர்ச்சுருக்கம்; வேறு தறிகளின் நெசவையும் அப்பெயராற் கூறுதல் கவனக்குறைவே. சட்டையின் உட்புறத்தில் எல்.பி.ஏ. என்னும் எழுத்துக்களும் ஆண்டின் ஈற்றிலக்கங்களும் பதிந்திருப்பின், அது விமானப்படை உடைக்களஞ்சியத்தின் முத்திரை. போரின் பிற்பகுதியில் உற்பத்தியாளர் பெயரை மறைக்கும் நீண்ட எண்கள் வழங்கின.

ஊதாக் கடந்த கதிரின் கீழ்ப் பிடித்து, நூல் ஒளிர்ந்தாற் போலியென்றும் ஒளிராதாயின் உண்மையென்றும் தீர்ப்போர் உளர். துணிகளை வெண்மையாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் போருக்குப் பின்னரே பரவலாயின என்பது உண்மை. ஆனால் உண்மையான பழஞ்சட்டையொன்றை ஐம்பதுகளில் எவரேனும் புதிய சவர்க்காரத்தூளில் தோய்த்திருந்தால் அதுவும் ஒளிரும். ஒளிராத நூலை வாங்கி இன்று போலி செய்வாரும் இருத்தல் கூடும். தளர்ந்த இழையொன்றை எரித்துப் பார்த்தல் இதனினும் நன்று. கம்பளி மயிர் கருகும் மணத்தைத் தரும். பொலியெஸ்ரர் உருகி மணியாகத் திரளும். பொலியெஸ்ரர் இழை 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் கண்டுபிடிக்கப்பட்டதாதலின், ஜேர்மன் போர்க்காலச் சின்னத்தில் அது இருத்தற்கு நியாயமில்லை.

சீருடை பெறாத ஊழியர்க்குக் கைப்பட்டி இருந்தது. மஞ்சள் துணியிற் கறுப்பெழுத்தில் 'ஜேர்மன் படை' என்றோ 'ஜேர்மன் படையின் சேவையில்' என்றோ ஜேர்மன் மொழியில் எழுதப்பட்டிருக்கும். ஒரு முழத் துணிதான். ஆனால் ஹேக் விதிகள் வேண்டிய 'தூரத்திலிருந்து அறியக்கூடிய சின்னம்' என்பதற்கு அது விடையாக அமைந்தது. சந்தையில் மிக எளிதாகப் போலி செய்யப்படுவதும் இதுவே.

ஆசிரியரும் மாணாக்கரும் கருதத்தக்க சின்னமொன்று உளது. பீரங்கிகளை இயக்க ஆட்கள் குறைந்தமையால், 1943ஆம் ஆண்டு சனவரி மாதக் கட்டளையின்படி, 1926, 1927ஆம் ஆண்டுகளிற் பிறந்த உயர்பாடசாலை மாணவர் விமானப்படைத் துணைவராக அழைக்கப்பட்டனர். பெப்ரவரியில் முதற்குழுவினர் பீரங்கித் தளங்களை அடைந்தனர். இவர்கள் நீலச்சாம்பல் உடை அணிந்தனர், பகைவிமானங்களை நோக்கிச் சுட்டனர், சிலர் மாண்டனர். ஆயினும் அரசு இவர்களை வீரரென ஏற்கவில்லை. ஏட்டில் இவர்கள் மாணவரே. ஆசிரியர் தளத்துக்கே வந்து பாடம் நடத்தினர். மார்பில் எல்.எச். எனும் ஈரெழுத்துச் சின்னமும், இடக்கையிற் கட்சியின் இளைஞர் இயக்கப் பட்டியும் இருந்தன. அக்கைப்பட்டியைப் பையன்கள் விரும்பவில்லை. தம்மைச் சிறுவரெனக் காட்டும் அதனை ஊருக்குள் செல்லும்போது கழற்றி மறைத்து, வீரர்போல் நடந்தனர் எனப் பலர் பிற்காலத்தில் எழுதினர். பின்னாளில் எழுத்தாளரான குந்தர் கிராசும், பதினாறாம் பெனடிக்ட் என்ற பெயரோடு பாப்பரசரான யோசப் ரற்சிங்கரும் இவ்வாறு அழைக்கப்பட்டோருள் அடங்குவர். பழைய குடும்பப் படமொன்றில் இளைஞனொருவன் விமானப்படை உடையிற் கைப்பட்டியின்றி நின்றால், அவனை வீரனென முடிவுசெய்யுமுன் அவன் வயதை எண்ணுதல் நன்று.

மார்பிலுள்ள சின்னம் ஒருவருடைய நிலையை முற்றக் கூறாது என்பதற்கு மெலிற்றா ஷென்க் ஃபொன் ஷ்ராஃபன்பேர்க் அம்மையாரின் வாழ்க்கை சான்று. விமானப் பொறியியலாளராகிய இவர், குத்திப்பாயும் விமானங்களைத் தாமே செலுத்திச் சோதித்தார். 1943ஆம் ஆண்டில் இரும்புச் சிலுவை விருதும், வைரமும் மாணிக்கமும் பதித்த பொன் விமானிச் சின்னமும் பெற்றார். படையின் மிக உயர்ந்த அடையாளங்களைப் பெற்ற இவர் படைவீரரல்லர். மேலும், இவருடைய தந்தையார் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். அவ்வரசின் இனச்சட்டம் இவரைக் கலப்பினத்தவராக எண்ணியது. 1944 யூலை 20இல் ஹிட்லரைக் கொல்ல முயன்ற கிளவுஸ் ஃபொன் ஷ்ராஃபன்பேர்க் இவர் கணவரின் உடன்பிறந்தார். அதன் பொருட்டு இவரையும் சிறைசெய்தனர். இவர் பணி போருக்கு இன்றியமையாதது என்பதனாற் சில வாரங்களில் விடுவித்தனர். 1945 ஏப்ரில் 8ஆந் திகதி, இவர் செலுத்திய விமானம் அமெரிக்க விமானத்தாற் சுடப்பட்டு, இவர் இறந்தார்.

விமானத் தொழிற்சாலைகளில் இன்னுமொரு குடிசார் சின்னம் வழங்கிற்று. 1940ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆந் திகதிக் கட்டளையின்படி, ஜேர்மனிக்குக் கொண்டுவரப்பட்ட போலந்துத் தொழிலாளர், முனையில் நிற்கும் மஞ்சட் சதுரத்தில் ஊதாநிறப் 'பி' எழுத்தை மார்பிற் தைத்தனர். 1942 முதல் சோவியத் நாட்டினின்று கொண்டுவரப்பட்டோர் 'ஒஸ்ட்', அஃதாவது 'கிழக்கு', என்ற சொல்லை நீலத் துணியில் வெள்ளையெழுத்தில் அணிந்தனர். அணியாதார் தண்டிக்கப்பட்டனர். கழுகின் சிறகுகளை எண்ணி வகைப்படுத்தும் கையேடுகளில் இவ்விரு துணித்துண்டுகளும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவையும் அக்காலத்து விமானத்தொழில் தன் பணியாளர்மீது இட்ட அடையாளங்களே. கழுகு அணிந்தோன் அதனைப் பதவியாகக் கொண்டான், 'பி' அணிந்தோன் அதனைச் சுமந்தான்.

இன்று ஜேர்மனியிற் குற்றவியற் சட்டக்கோவையின் 86அ பிரிவு இக்குறிகளைப் பொதுவிடத்திற் காட்டுவதைத் தடுக்கின்றது. கல்வி, ஆராய்ச்சி, கலை முதலியவற்றுக்கு விலக்கு உண்டு. 1957ஆம் ஆண்டின் விருதுச் சட்டம், பழைய வீரர் தம் போர்க்கால விருதுகளைச் சுவத்திகம் நீக்கிய வடிவில் அணிய இடந்தந்தது. சுவத்திகமின்றி ஒழுங்காக அமைந்த விமானிச் சின்னமொன்று கிடைப்பின், அது இச்சட்டத்தின் பின் செய்யப்பட்டதாகலாம். அதனைப் போலி என ஒதுக்கலாகாது.

இவையனைத்தையும் பார்த்த பின்னரும், பல சின்னங்களைக் குறித்து நாம் எழுதக்கூடிய சீட்டு சுருக்கமானதே. 'விமானப்படைக் கழுகு, இரண்டாம் வடிவம், இயந்திரப் பூவேலை, 1937க்குப் பிந்தியது. சிறகுத்துண்டும் தோட்பட்டியும் தைத்த தடயமில்லாத சட்டையிற் காணப்பட்டது' என்று எழுதினாற் போதும். 'தொழிலாளி அணிந்தது' என்று மேலும் ஒரு சொற் சேர்ப்பதற்கு, பெயர் பொறித்த பணிச்சீட்டோ படத்தோடு கூடிய அடையாளப் பத்திரமோ அச்சட்டையோடு வந்திருத்தல் வேண்டும்.